விண்கலத் தலைவி கயிற்றை அறுத்தது சரியா?

1

புனேயில் இருப்பதைப் புலம்பெயர்ந்த வாழ்க்கை என்று எழுதினால் டொராண்டோவில் இருக்கும் என் பெரியப்பா மகன் சிரிப்பான். இங்கே விசா இல்லை, பனி இல்லை. ரயிலேறி ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்திருந்தால் ஈரோடு வந்துவிடும். ஆனாலும் வீட்டுக்குள் ஒரு மொழி, லிஃப்டில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி, காய்கறிக்காரரிடம் மூன்றும் கலந்த ஒன்று என்று காலம் தள்ளுகிறவர்களுக்கு வேறு என்ன பெயர் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் இருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா. வழக்கமாக அதில் எழுத ஒன்றும் இருக்காது. குத்துவிளக்கு, வரவேற்புரை, குழந்தைகளின் பரதம், பொறுப்பாளர்களுக்குப் பொன்னாடை, எலுமிச்சைச் சாதம். இந்த முறை பரதத்துக்கும் பொன்னாடைக்கும் நடுவில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. தலைப்பு விண்வெளிக் கப்பலைப் பற்றியது. பேசியவர்களில் ஒருத்தி என் மகள்.

2

'ஆர்கெலா' என்று ஓர் ஆங்கிலத் தொடர். அணைந்துகொண்டிருக்கும் ஒரு சூரியனை விட்டுவிட்டு, இன்னொரு சூரியனைத் தேடிக் கிளம்பிய கப்பல் கூட்டத்தின் கதை. ஆர்கெலா என்பது முதல் கப்பலின் பெயர். அதன் தலைவி நெவ்ரா. அவள் கணவன் டோமன் மருத்துவன், கூட வரும் மருத்துவக் கப்பலில் இருப்பவன். கல்யாணம் ஆனதிலிருந்து இரண்டு பேரும் ஒரே கப்பலில் இருந்தது கொஞ்ச காலம்தான். எனக்கு இந்தத் தொடர் பிடித்துப்போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். நானும் என் கணவரும் வேலை பார்ப்பது ஊரின் இரண்டு கோடிகளில்.

இதைப் பார்க்கிற தமிழர்கள் புனேயில் வேறு யாராவது இருப்பார்களா என்று தேடியது சத்யா. சென்னைப் பையன், மென்பொருள் நிறுவனத்தில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. ஒரு வாட்ஸப் குழு தொடங்கினான். ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கசார்வாடியில் எங்கள் வீட்டில் கூடுவது என்று ஆயிற்று. காரணம் என் இட்லி என்று சத்யா சொல்வான். பெரிய ஹால் என்பதுதான் உண்மை. போகப் போக ஒழுங்காக வந்தவர்கள் சத்யாவும் பெருமாள் அண்ணாவும் மட்டும். பதினோராம் வகுப்பு முடித்த என் மகள் இனியா வீட்டிலேயே இருந்ததால் அவளும் கணக்கில் சேர்ந்தாள்.

பெருமாள் அண்ணா புனேயின் கோர்படிப் பகுதிக்காரர். அவருடைய தாத்தா ராணுவக் குடியிருப்பு வேலைக்கு வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். அண்ணா பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். போசரியில் ஓர் இன்ஜினியரிங் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, ஓய்வு வயதுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். சில வருடங்களுக்கு முன்பு அவர் மனைவி மல்லிகாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. சொல்வதெல்லாம் புரியும், பதில் சொல்ல முடியாது. ஒரே மகன் துபாயில். அண்ணாதான் எல்லாம் செய்தார். ஞாயிறு காலை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் வந்து மல்லிகாவோடு உட்காருவாள். அந்த நேரத்தில்தான் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். விவாதம் எவ்வளவு சூடாக இருந்தாலும் நேரமானதும் எழுந்துவிடுவார்.

தொடரின் இந்தப் பருவத்தில் கடைசி இரண்டு அத்தியாயங்கள்தான் சண்டையைக் கிளப்பின. மருத்துவக் கப்பலின் எந்திரம் செத்துப்போகிறது. ஆர்கெலா அதை ஒரு பெரிய கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டு போகிறது. நோயாளிகளை எல்லாம் ஒவ்வொருவராக ஆர்கெலாவுக்கு மாற்றிவிடுகிறார்கள். கடைசியில் டோமன் மட்டும் மாட்டிக்கொள்கிறான். கதவு நசுங்கிவிட்டது, அவனுக்கும் பலமான அடி. இழுத்துக்கொண்டே போனால் ஆர்கெலாவின் எரிபொருள் தீரும். "என்னை இழுக்காதே" என்று அவன் ரேடியோவில் சொல்கிறான். அவள் கேட்காமல் இழுக்கிறாள். மறுபடி சொல்கிறான். கடைசி அத்தியாயத்தின் முடிவில் அவள் பதில் ஒன்றும் சொல்லாமல் கயிற்றை அறுத்துவிடுகிறாள்.

"அரே, கயிறு தானா அறுந்துச்சா? இல்ல. இவ அறுத்தா," என்றார் பெருமாள் அண்ணா. "இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாத்திருக்கலாம்ல."

"எரிபொருள் இல்லண்ணா. கப்பல் பூரா குழந்தைங்க," என்றான் சத்யா.

"கொழந்தைங்க இருந்தா? ஊட்டுக்காரனை நடுவுல வுட்டுட்டுப் போறதா?"

"அவனே சொன்னான் அங்கிள்," என்றாள் இனியா.

"ஒடம்பு முடியாதவன் ஆயிரம் சொல்லுவான். அதெல்லாம் கேக்கக் கூடாது."

சண்டை வாட்ஸப்பில் வாரம் முழுக்க ஓடியது. நடுவில் சத்யா ஒரு வேண்டாத வார்த்தையை எழுதினான். அவன் எதையும் ஆங்கிலத்தில், திரைக்கு அடியில் ஓடும் எழுத்து வரி கூட இல்லாமல் பார்ப்பவன். பெருமாள் அண்ணா இந்தியில் பார்ப்பவர். 'டப்பிங்கில் பார்ப்பது பாதி பார்த்த மாதிரி, அதனால்தான் உங்களுக்கு அந்தக் காட்சி பிடிபடவில்லை' என்று எழுதிவிட்டான். அண்ணா பதிலுக்கு, 'எங்க வூட்ல ரெண்டு பேர் பாக்கறோம். மல்லிகா படிச்சது இந்தி மீடியம். அவளுக்குப் புரியற பாஷையில பாக்கறோம்' என்று குரல் செய்தி போட்டார். கோபம் இல்லாத குரல். சத்யா தன் வரியை அழித்தான். அழித்தது எல்லோருக்கும் தெரிந்தது.

3

பட்டிமன்ற யோசனை என்னுடையது. இரண்டு பேரையும் ஒரே மேடையில் உட்கார வைத்தால் சரியாகப் போகும் என்று நினைத்தேன். ஆண்டு விழாவில் அரை மணி நேரம் கேட்டு சங்கத்துக்கு எழுதினேன். மின்னஞ்சல் செல்லாது, கடிதமாகக் கொடுங்கள் என்றார் செயலாளர். கடிதம் கொடுத்தேன். கலை நிகழ்ச்சிக் குழுவின் பரிந்துரை வேண்டும் என்றார். அந்தக் குழுவுக்குத் தலைவர் யார் என்று விசாரித்தேன். அவரேதான்.

தலைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. "கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமான்னு வைங்களேன் அம்மா. சனங்க ரசிப்பாங்க. இது என்ன, ராக்கெட்டு, கயிறு."

"இதுவும் குடும்பம்தாங்க. புருஷன் பெண்டாட்டி கதை."

"அப்படியா?" என்று யோசித்தார். "சரி. ஆனா 'கேப்டன்'னு போடக் கூடாது. நல்ல தமிழ்ல இருக்கணும்."

அப்படித்தான் 'விண்கலத் தலைவி கயிற்றை அறுத்தது சரியா?' என்று அழைப்பிதழில் அச்சாயிற்று. ஈரோட்டில் மார்கழிக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு எத்தனையோ பட்டிமன்றம் கேட்டிருக்கிறேன். மாமியாரா மருமகளா, பணமா பாசமா என்று தலைப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முடிவு முதலிலேயே தெரிந்திருக்கும். சிரிக்கத்தான் போவோம். இந்தத் தலைப்பில் முடிவு என்ன என்பது எனக்கே தெரியவில்லை.

அணிக்கு மூன்று பேர் என்று திட்டம். ஆள் கிடைக்காமல் அணிக்கு ஒருவர் ஆயிற்று. தவறு என்று பெருமாள் அண்ணா. நடுவராகவும் வேறு ஆள் கிடைக்காததால் அது சத்யா. சரி என்று பேச ஆள் இல்லை. இனியாவைக் கேட்டான்.

"நான் தமிழ்லயா? மேடையிலயா?" என்றாள்.

"வாட்ஸப்ல மட்டும் நல்லா சண்டை போடுற."

"அது இங்கிலீஷ் லெட்டர்ல டைப் பண்றது."

"பயமா இருந்தா வேணாம்."

அவளிடம் அப்படிச் சொன்னால் வேலை நடக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்ததோ.

4

இனியாவின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் பேசுவாள். 'அம்மா, பசிக்குது', 'அம்மா, சார்ஜர் எங்க', 'அம்மா, நீ புரிஞ்சுக்கவே மாட்ட' என்பதெல்லாம் சரியாக வரும். அதைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். படிக்கத் தெரியாது. சின்ன வயதில் சங்கத்தின் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கராத்தேயும் அதே நேரத்தில் இருந்தது. கராத்தே ஜெயித்தது.

மராத்தி அப்படியில்லை. அவள் இங்கேயே பிறந்தவள், பள்ளித் தோழிகள் எல்லாம் மராத்திப் பெண்கள். இங்கே பதினோராம் வகுப்பையே ஜூனியர் காலேஜ் என்பார்கள். போன வருடம் அந்தச் சேர்க்கைக்காக இருப்பிடச் சான்றிதழ் வாங்க அவளும் நானும் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கேட்ட எல்லாவற்றுக்கும் அவள் மளமளவென்று பதில் சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் பாதி இந்தியில் தடுமாறினேன். "இவங்க உன் அம்மாவா?" என்று அவளிடம் கேட்டார். சந்தேகத்துக்குரிய ஆள் நான்தான். அவள் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள். ஜன்னலை விட்டு நகர்ந்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

கோயம்புத்தூரில் கல்லூரி நாட்களில் நான் பேச்சுப் போட்டிக்குப் போகிறவள். அதனால் இனியாவின் பேச்சை நானே எழுதினேன், அவளுக்காக ஆங்கில எழுத்தில். அவள் அதை நடந்துகொண்டே மனப்பாடம் செய்தாள். 'கடமை' என்ற சொல் வரும் இடத்தில் கையை உயர்த்தச் சொல்லிக் கொடுத்தேன். அவள் உயர்த்தவில்லை. "இது நான் பேசற மாதிரி இல்லம்மா. நீ பேசற மாதிரி இருக்கு," என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஆனால் அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது.

5

விழா ஞாயிற்றுக்கிழமை காலை. அரங்கத்தில் முன் வரிசைகளில் சங்கப் பொறுப்பாளர்கள், நடுவில் எங்களைப் போன்ற கம்பெனி வேலைக்காரர்கள், பின்னால் கோர்படி, கட்கிப் பக்கத்துப் பழைய குடும்பங்கள். யாரும் இப்படி உட்காரச் சொல்வதில்லை. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் உட்காருகிறோம்.

சத்யா கதையை அழகாகச் சுருக்கிச் சொன்னான். தொடரைப் பார்க்காதவர்களுக்கும் புரிந்தது. பிறகு இனியாவைக் கூப்பிட்டான். நான் எழுதிக் கொடுத்ததை முதலில் ஒழுங்காகப் பேசினாள். 'கடமை'யும் வந்தது. பிறகு நிறுத்தினாள். எனக்கு அடுத்த வரி தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். அதைச் சொல்லாமல் தன் சொந்தப் பேச்சைத் தொடங்கினாள்.

"ஆனா மெயின் விஷயம் கடமை இல்ல. அவங்களுக்கு அவர் மேல ரொம்ப பிரியம். பிரியம் இருந்ததாலதான் நெவ்ரா, மீன்ஸ், புருஷனை அவுத்து விட்டாங்க."

அரங்கம் சிரித்தது. கயிற்றை அவிழ்த்து அவனைப் போக விட்டாள் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். தொழுவத்தில் மாட்டை அவிழ்த்து விட்ட மாதிரி கேட்டது. வேறு மாதிரியும் கேட்டது. அவளுக்குப் புரியவில்லை. ஏதோ தப்பு என்று மட்டும் தெரிந்து, திருத்தினாள்.

"இல்ல, சாரி. புருஷனை அறுத்துட்டாங்க."

தாலி அறுத்தவள் என்பதெல்லாம் நம் ஊரில் என்ன மாதிரிப் பேச்சு என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பை விடப் பெரிது. முன் வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சத்யா மணியை அடித்தான். இனியா மைக்கைப் பிடித்தபடி நின்றாள். காது இரண்டும் சிவந்திருந்தன. இறங்கி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வந்தால் இனி எந்த இடத்திலும் தமிழ் பேச மாட்டாள் என்றும் நினைத்தேன். நான் எழுந்து ஏதாவது செய்திருக்க வேண்டும். மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுந்தது பெருமாள் அண்ணா. அவர் எதிரணி. தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"ஏ பொண்ணு, மராத்தில சொல்லு. நெனச்சதைச் சொல்லு. நான் தமிழ்ல சொல்றேன்."

"இது தமிழ்ச் சங்கம் பெருமாள்," என்றார் செயலாளர், கீழே இருந்து.

"தமிழ்லதான் சார் சொல்லப் போறேன். சாலூ கர்," என்று அவளைப் பார்த்துத் தலையாட்டினார். ஆரம்பி என்று அர்த்தம்.

இனியா ஆரம்பித்தாள். மராத்தியில் அவள் வேறு பெண். குரல் இறங்கி நிதானமாக வந்தது. ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவாள். அண்ணா அதைத் தமிழில் சொல்வார். டோமன் சொன்னதை அவள் "மலா ஓடூ நகோ" என்றாள். தமிழ்க் காதுக்கு ஓடச் சொல்வது போலக் கேட்கும்.

"என்னை இழுக்காதேன்னு சொன்னான்," என்றார் அண்ணா. "ஒரு தடவ இல்ல. திரும்பத் திரும்பச் சொன்னான்."

அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"இவ காதுல வாங்கல. இழுக்கறதுதான் பிரியம்னு நெனச்சிகினு இருந்தா."

அடுத்தது.

"இழுக்கறவளுக்கு எவ்ளோ கஷ்டம்னு கப்பல்ல எல்லாரும் பேசனாங்க. பாவம்னாங்க. பெரிய மனசுன்னாங்க."

இனியா ஒரு நொடி யோசித்துவிட்டு ஒரு சின்ன வாக்கியம் சொன்னாள். எனக்கு மராத்தி அரைகுறைதான். ஆனாலும் அது புரிந்தது. அண்ணா உடனே சொல்லவில்லை. மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்வரிசைகளில் அழைப்பிதழை விசிறியாக ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மல்லிகாவை அவர்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள். மேடையில் நின்றவர்களில் இனியாவுக்கு மட்டும்தான் தெரியாது. அங்கிள் வீட்டில் ஆண்ட்டிக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான் அவள் அறிந்தது.

"இழுக்கப்படறவனை யாரும் கேக்கல," என்றார் அண்ணா.

சொல்லைக் குறைக்கவில்லை, மாற்றவில்லை. அவர் மாற்றிச் சொல்லியிருந்தாலும் முன்வரிசைக்குத் தெரிந்திருக்காது.

மீதியையும் முடித்தார்கள். "கடைசி எபிசோடுலதான் அவன் சொன்னதை அவ மொதல் தடவையா கேட்டா. அதனால அது சரி." கைதட்டல் வந்தது. சிரித்தவர்களும் தட்டினார்கள். இனியா உட்கார்ந்தாள்.

அடுத்து அவருடைய முறை. சட்டைப்பையில் குறிப்பு வைத்திருந்தார், எடுக்கவில்லை. "நான் எதிர்க்கட்சி," என்றார். "இன்னும் கொஞ்ச தூரம் இழுத்திருக்கணும்னுதான் நான் சொல்வேன். அவ்ளோதான்." போய் உட்கார்ந்துவிட்டார். நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சத்யா மூன்று வகையாக ஆரம்பித்து மூன்றையும் பாதியில் விட்டான். கடைசியில், அடுத்த பருவம் வரும்வரை தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது என்றான். பொன்னாடை போர்த்தத் தொடங்கினார்கள்.

6

காரில் வரும்போது இனியா, "நான் என்ன தப்பா சொன்னேன்?" என்று கேட்டாள். இரண்டு சொல்லையும் விளக்கினேன். முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குப் பெரிய நிம்மதி.

பிறகு, "அங்கிள் ஏன் கடைசியில ஒண்ணுமே பேசல? எவ்ளோ பாயிண்ட் வெச்சிருந்தார்," என்றாள்.

மல்லிகாவைப் பற்றிச் சொன்னேன். வேலையை விட்டது, தூக்கி உட்கார வைப்பது, ஊட்டுவது எல்லாம். தாபோடி சிக்னலில் நின்றோம்.

"நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

"உன் பேச்சுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தோணல."

அது உண்மை. இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஒன்று விண்வெளியில் நடந்தது. இன்னொன்று கோர்படியில்.

"சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன்," என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா நான் சொன்னது சரிதானே?" என்றாள்.  சிக்னலில் பச்சை விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை மதியம், அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளே கிளம்பினாள். நானும் போனேன். ரயில்வே குடியிருப்பைத் தாண்டிச் சின்ன வீடு. முன்னறையில் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் மல்லிகா. நல்ல உயரம், நரைத்த முடி கழுத்தளவுக்கு வெட்டியிருந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் சுத்தமாக இருந்தது. அண்ணா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். பின் கழுத்தில் வலி பிளாஸ்திரி.

இனியா ஒத்திகை பார்த்து வந்த வாக்கியத்தைச் சொன்னாள். "அங்கிள், உங்க மனசு கஷ்டப்படற மாதிரி பேசினதுக்கு மன்னிச்சிடுங்க."

"அரே, இன்னாத்துக்கு மன்னிப்பு? டிபேட்டுன்னா அப்டித்தான். உக்காரு, டீ போடறேன்." உள்ளே போனார்.

இனியா நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மல்லிகாவோடு இந்தியில் பேச ஆரம்பித்தாள். தொடரைப் பற்றித்தான். நெவ்ராவின் முடி நன்றாக இருக்கிறது, டோமன் இந்தியில் பேசினால் செய்தி வாசிக்கிறவர் மாதிரி இருக்கிறான் என்றெல்லாம் சொன்னாள். மல்லிகாவின் வாயின் ஒரு பக்கம் சிரித்தது. பிறகு இனியா, "ஆண்ட்டி, நீங்க எந்தக் கட்சி? அவ கயிறை அறுத்தது சரியா, தப்பா?" என்று கேட்டாள்.

"அவ என் கட்சிதான்," என்றார் அண்ணா, சமையலறையிலிருந்து. "ரெண்டு பேரும் சேந்துதான பாத்தோம்."

மல்லிகா இடது கையை நீட்டி இனியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். குத்துச்சண்டையில் ஜெயித்தவரின் கையை நடுவர் உயர்த்துவாரே, அப்படி மெதுவாக மேலே தூக்கினாள். முழுக்க உயர்த்த முடியவில்லை. தோள் அளவுக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணா டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றார். "நெஜமாவா?" என்றார்.

மல்லிகா தலையை அசைத்தாள். கையை விடவில்லை.

"பாரு தங்கச்சி," என்றார் என்னிடம். "எங்கூடவே உக்காந்து பாத்துட்டு." டீயைக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நாங்கள் அப்படியே குடித்தோம்.

7

அதன் பிறகு நடந்ததை அவரே போனில் சொன்னார். மல்லிகாவின் தங்கை சாந்தி கட்கியில் இருக்கிறாள். அக்காவைக் கொஞ்ச நாள் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று அடிக்கடி கேட்பாள். அண்ணா ஒவ்வொரு முறையும் மறுத்துவிடுவார். சாந்திக்குத் தூக்கத் தெரியாது, சாப்பாட்டை எவ்வளவு மசிக்க வேண்டும் என்று தெரியாது, ராத்திரி புரண்டு படுக்க வைக்கத் தெரியாது.

நாங்கள் போன பிறகு அவர் டிவியை நிறுத்திவிட்டு மனைவிக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். கட்கிக்குப் போறியா என்று கேட்டிருக்கிறார். கேட்டு முடிப்பதற்குள் மல்லிகா ஆமாம் என்று தலையை ஆட்டினாளாம்.

"என்கூட இருக்கறது கஷ்டமா இருக்கான்னு கேட்டேன் தங்கச்சி. இல்லன்னு தலையாட்டனா. அப்புறம் இன்னாத்துக்குப் போறேங்கறன்னேன். கிட்ட வரச் சொல்லி கையாட்டி, என் கழுத்துல அந்த பிளாஸ்திரியைத் தொட்டுக் காட்டறா." என்றார். "சாந்தி வூட்டைக் காட்டறதுக்கு ஜன்னல் பக்கம் கை நீட்டறா. பாக்கணும்னு ஆசை இருந்திருக்கு. எனக்கும் ரெஸ்ட்டு வேணும்னு நெனச்சிருக்கா. ரெண்டும் உண்டு."

"இத்தனை நாள் கேக்கலியாண்ணா?"

"கேக்கல. ஆமான்னு சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு கேக்கல."

புதன்கிழமை வரை மல்லிகா கட்கியில் இருப்பதென்று முடிவாயிற்று.  சத்யா தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மல்லிகாவைக் கட்கியில் இறக்கிவிட உதவினான். சாய்வு நாற்காலியையும் டிக்கியில் கட்டிக் கொண்டுபோனார்கள். மாடிப்படி ஏற்றும்போது அண்ணா எல்லோருக்கும் கட்டளை போட்டுக்கொண்டே இருந்தாராம். இனியா எதற்காகவோ அவனோடு போயிருந்தாள். திரும்பி வந்து, "சாந்தி ஆண்ட்டி நல்லாத்தான் தூக்கறாங்க," என்றாள்.

8

மல்லிகா கட்கியில் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பெருமாள் அண்ணா சத்யாவுக்கு முன்பே வந்துவிட்டார். பழைய பருவத்திலிருந்து ஒரு அத்தியாயத்தை மறுபடி போட்டுப் பார்த்தோம். நெவ்ராவும் டோமனும் முதல் முதலில் சந்திக்கும் அத்தியாயம். அவள் செய்தது சரிதான் என்பதற்கு இதிலேயே ஆதாரம் இருக்கிறது என்றான் சத்யா. இல்லவே இல்லை என்றார் அண்ணா. தன் கட்சியிலிருந்து அவர் இம்மியும் நகரவில்லை. இன்னும் இழுத்திருக்கலாம் என்பதுதான் இன்றுவரை அவர் வாதம். இனியா இரண்டு பேரிடமும் தமிழில் சண்டை போட்டாள். தப்பும் தவறுமாகத்தான். நான் திருத்தவில்லை.

வழக்கமாக எழுந்துபோகும் நேரம் வந்தது. அவர் எழுந்தார். போக வேண்டிய அவசியம் இல்லை என்று நினைவு வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். பேச்சின் நடுவில் ஜன்னல் பக்கம் போய் வந்தார். போனை எடுத்துப் பார்த்து வைத்தார். வேலையில்லாத கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சரி, நான் கட்கிக்கு ஒரு நடை போய் அவளைக் கூட்டிகினு வந்துர்றேன்," என்றார்.

"புதன்கிழமைதானே கூட்டிட்டு வர்றதா இருந்தீங்க?" என்றேன்.

"இருக்கட்டும். லோக்கல் ட்ரெயின் பிடிச்சா இந்தா இருக்குது. அவளுக்கும் வூட்டு ஞாபகம் வந்திருக்கும்."

வாசலில் குனிந்து ஷூவை மாட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீடியோ அழைப்பு. சாந்தி.

"மாமா, கிளம்பறேன்னு மெசேஜ் போட்டிருக்கீங்க. அக்காகிட்ட காட்டினேன். வேணாம்ங்குது."

"வேணாம்ங்குதா? அவதான் சொன்னாளா?"

சாந்தி போனைத் திருப்பினாள். மாடி வராந்தாவில் வெயிலில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள். யாருடைய பூப்போட்ட நைட்டியோ. எண்ணெய் வைத்து, இருந்த கொஞ்ச முடியை இரண்டாகப் பிரித்துச் சின்னச் சின்னதாகப் பின்னியிருந்தார்கள். மடியில் உரித்த பட்டாணி ஒரு தட்டில். திரையைப் பார்த்ததும் இடது கையை நீட்டி, போ போ என்று இரண்டு முறை ஆட்டினாள். வாயின் ஒரு பக்கம் சிரித்தது. பிறகு போனைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி, அங்கே யாரோ சொன்னதற்குத் தலையாட்டினாள்.

"புதன்கெழமையே வாங்க மாமா," என்றது சாந்தியின் குரல். அழைப்பு முடிந்தது.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"சாப்பிட்டுப் போங்கண்ணா," என்றேன்.

"இன்னா சமையல்?"

"அரிசிம்பருப்புச் சாதம்."

அவர் குனிந்து, இப்போதுதான் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஷூ இரண்டையும் சுவரோரம் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.